காலில் நரம்புக் கட்டி: ஸ்கேன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கெண்டைக்காலிலோ முட்டிக்குப் பின்னாலோ ஒரு சின்ன உருண்டை. தட்டினால் பாதம்வரை சுரீரென்று இழுக்கிறது. "கொழுப்புக் கட்டிதான், மரத்துப்போக ஊசி போட்டு அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அதற்குத் தலையாட்டும் முன் படிக்க வேண்டியவை இவை. கட்டி நரம்பைச் சேர்ந்ததா, சேர்ந்தது என்றால் எந்த நரம்பு, அதன் குணம் என்ன என்ற மூன்றுக்கும் கத்தி வைப்பதற்கு முன்பே ஸ்கேனில் பதில் தேட முடியும்.

நரம்புக் கட்டி என்றால் புற்றுநோயா?

பெரும்பாலும் இல்லை. காலில் வரும் நரம்புக் கட்டிகளில் அதிகம் பார்ப்பது இரண்டு: ஷ்வானோமா, நியூரோஃபைப்ரோமா. இரண்டும் சாதுவானவை. ஷ்வானோமா நரம்பு இழையைச் சுற்றியிருக்கும் உறைச் செல்களில் இருந்து வளர்வது. அதற்கென்று ஒரு கூடு உண்டு; நரம்பின் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு வளரும். நியூரோஃபைப்ரோமாவுக்கு அந்தக் கூடு கிடையாது. நரம்பின் இழைகள் அதன் ஊடாகவே ஓடும். இந்த ஒரு வித்தியாசம்தான் பின்னால் அறுவை சிகிச்சை எளிதா கடினமா என்பதைத் தீர்மானிக்கும்.

இவை தவிர அபூர்வமாக வருபவை சில உண்டு: பெரிநியூரியோமா, நரம்புக்குள் கொழுப்பு படர்வது, நரம்புக்குள் நீர்க்கட்டி. கடைசி இரண்டும் முறைப்படி கட்டிகளே அல்ல. ஆனால் அறிகுறியும் ஸ்கேனும் குழப்புவதால் இந்தப் பட்டியலில் வந்துவிடும்.

தொட்டுப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

சந்தேகப்படும் அளவுக்கு முடியும். காலைத் தளர்வாக வைத்துக்கொண்டு கட்டியை இரண்டு விரலால் பிடியுங்கள். காலின் குறுக்கே, இடது வலமாகத் தள்ளினால் நகரும். மேலும் கீழுமாகத் தள்ளினால் நகராது. நரம்பு அதை இரு முனையிலும் பிடித்திருப்பதுதான் காரணம். கொழுப்புக் கட்டி எல்லாப் பக்கமும் வழுக்கும்.

அடுத்து, விரல் நுனியால் மெல்லத் தட்டுங்கள். அந்த இடத்தில் மட்டும் வலித்தால் அதற்குப் பெரிய அர்த்தமில்லை. அங்கிருந்து பாதத்துக்கோ விரலுக்கோ ஷாக் அடித்த மாதிரி ஓடினால், நரம்பை நினைத்தே ஆக வேண்டும். எங்கே ஓடுகிறது என்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளங்காலுக்கு ஓடினால் டிபியல் நரம்பு, பாதத்தின் மேல்புறத்துக்கு ஓடினால் பெரோனியல், குதிகாலின் வெளி ஓரத்துக்கு ஓடினால் சூரல். ஸ்கேன் எடுப்பவருக்கு இந்த ஒரு வரி பெரிய உதவி.

தட்டிப் பார்ப்பது ஒரு தடவை போதும். எண்ணெய் போட்டு உருவிவிட்டால் கரைந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். கரையாது, நரம்பு வீங்கி வலி கூடும், அவ்வளவுதான்.

முதுகுக்கு எம்ஆர்ஐ எடுத்தாயிற்று, "டிஸ்க் லேசாக வீங்கியிருக்கிறது" என்றார்கள். மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் ஆயிற்று. கால் வலி நிற்கவில்லை. நரம்புக் கட்டியாக இருக்குமா?

இருக்கலாம். இந்தக் கட்டிகள் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் தப்பித்துக்கொள்வது இந்த வழியில்தான். நாற்பது வயது தாண்டியவர்களின் முதுகை எம்ஆர்ஐ எடுத்தால், வலியே இல்லாத பலருக்கும் டிஸ்க் வீக்கம் தெரியும். அது கண்ணில் பட்டதும் தேடல் அங்கேயே நின்றுவிடுகிறது. முதுகு ஸ்கேன் இடுப்பு எலும்போடு முடிந்துவிடும். சயாட்டிக் நரம்போ புட்டத்தில் இறங்கி, தொடையின் பின்புறம் முழுக்க ஓடி, முட்டிக்கு மேலே இரண்டாகப் பிரிகிறது. அந்த நீளம் முழுவதும் ஸ்கேனுக்கு வெளியேதான் கிடக்கிறது.

டிஸ்க்கால் வரும் வலி குனியும்போது, இருமும்போது, தும்மும்போது கூடும். பெரும்பாலும் முதுகும் சேர்ந்து வலிக்கும். கட்டி வலிக்கு முதுகோடு சம்பந்தம் இருக்காது. நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தால், பைக்கில் காலை ஊன்றினால், அந்த இடம் அழுந்தும்போது மட்டும் சுரீர் என்னும். இரவில் அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்தால் விழிப்பு வரும். முதுகு ஸ்கேனில் சொல்லும் டிஸ்க் ஒரு பக்கம், வலி மறு பக்கம் என்றால் தயங்கவே வேண்டாம். காலைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இதே மாதிரி இன்னொரு பொறி சர்க்கரை நோய். உள்ளங்கால் எரிச்சல் என்றாலே "சுகர் நரம்பு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். சர்க்கரையால் வரும் எரிச்சல் இரண்டு பாதத்திலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறும். ஒரே ஒரு பாதத்தில் மட்டும் எரிச்சல், அதுவும் உள் கணுக்காலுக்குப் பின்னால் அழுத்தினால் கூடுகிறது என்றால், அங்கே டிபியல் நரம்பு நுழைந்து போகும் குறுகலான பாதையில் ஏதோ அடைத்திருக்கலாம். அது கட்டியாகவும் இருக்கலாம்.

சின்னதாகத்தானே இருக்கிறது, ஸ்கேன் இல்லாமல் எடுத்துவிட்டால் என்ன?

கொழுப்புக் கட்டி என்று நினைத்துத் திறந்து, கட்டியோடு சேர்த்து நரம்பையும் வெட்டி எடுத்துவிடும் அபாயம் உண்டு. பெரோனியல் நரம்பு போனால் பாதத்தைத் தூக்க முடியாது. நடக்கும்போது விரல் தரையில் இடறும். டிபியல் போனால் உள்ளங்காலில் உணர்ச்சி இருக்காது; ஆணி குத்தினாலும் தெரியாமல் புண் வரும். மரத்துப்போகும் ஊசியின் கீழ் செய்தால் நோயாளியின் வலி எச்சரிக்கையும் கிடைக்காது.

ஷ்வானோமாவை முறையாக எடுக்கும் விதமே வேறு. நரம்பின் மேலுறையை நீளவாக்கில் கீறி, நுண்ணோக்கி அல்லது உருப்பெருக்கும் கண்ணாடி வைத்து, இழைகளை ஒதுக்கி, கூட்டோடு உருவி எடுப்பார்கள். எந்த இடத்தைத் தொட்டால் தசை துடிக்கவில்லை என்று நரம்புத் தூண்டிக் கருவியால் தொட்டுப் பார்த்துத்தான் அங்கே கீறுவார்கள். இது சிறு கிளினிக்கின் பின்னறையில் நடக்கிற வேலை அல்ல.

முதலில் எந்த ஸ்கேன்?

அல்ட்ராசவுண்ட். மலிவு, கதிர்வீச்சு இல்லை, அன்றைக்கே ரிப்போர்ட் கிடைக்கும். ஆனால் வயிற்றுக்குப் பயன்படுத்தும் வளைந்த புரோப் (தோலின் மேல் வைத்து நகர்த்தும் கருவி) இதற்கு உதவாது. தோலுக்கு அருகிலுள்ளதைப் பார்க்கும் தட்டையான புரோப் வேண்டும். 12 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல். தொடையின் ஆழத்தில் உள்ள சயாட்டிக் நரம்புக்கு மட்டும் அதைவிடக் குறைந்த அதிர்வெண்ணுக்குப் போக வேண்டியிருக்கும். நேரம் குறிக்கும்போதே "தசை, எலும்பு, நரம்பு ஸ்கேன் பார்ப்பவர் எந்த நாளில் இருப்பார்?" என்று கேளுங்கள். கர்ப்பிணிகள் வரிசைக்கு நடுவில் ஐந்து நிமிடத்தில் பார்க்கிற ஸ்கேன் இல்லை இது.

தெரிந்தவர் கட்டியை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்த மாட்டார். முதலில் கட்டிக்கு மேலே நரம்பைக் கண்டுபிடிப்பார். நரம்பின் குறுக்குவெட்டில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் கூட்டமாகத் தெரியும். அதை விடாமல் கீழே தொடர்ந்து வந்து கட்டிக்குள் நுழைவதையும், மறுபக்கம் வெளியேறுவதையும் காட்டுவார். கட்டியின் இரு முனையிலும் வால் போல நரம்பு தெரிந்தால், இது நரம்புக் கட்டி என்று சொல்லத் தைரியம் வரும். புரோப்பாலேயே லேசாக அழுத்தி "கரண்ட் ஓடுகிறதா?" என்றும் கேட்பார். நீங்கள் குறித்து வைத்த அந்த வரியை இங்கே சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டில் "நீர்க்கட்டி" என்று வந்திருக்கிறது. நம்பலாமா?

ஷ்வானோமா அல்ட்ராசவுண்டில் நல்ல கறுப்பாக, விளிம்பு சுத்தமாக, பின்னால் வெளிச்சம் கூடித் தெரியும். நீர்க்கட்டியும் அப்படியேதான் தெரியும். முட்டிக்குப் பின்னால் வரும் பேக்கர் நீர்க்கட்டி என்று டிபியல் நரம்புக் கட்டிக்கு ரிப்போர்ட் வருவது உலகம் முழுக்க நடக்கிற தவறு.

பிரித்துப் பார்க்க வழி உண்டு. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் முறையைப் போட்டால் நீர்க்கட்டிக்குள் ரத்த ஓட்டம் இருக்காது; நரம்புக் கட்டிக்குள் இருக்கலாம். பேக்கர் கட்டிக்கு மூட்டு வரை போகும் ஒரு கழுத்து உண்டு. முட்டியின் உள்பக்கத்தில் இரண்டு தசை நாண்களுக்கு நடுவே அது போவதைக் காட்ட வேண்டும். கழுத்து தெரியவில்லை, தட்டினால் ஷாக் ஓடுகிறது என்றால் "நீர்க்கட்டி" என்ற சொல்லை ஏற்காதீர்கள். முக்கியமாக, யாரும் ஊசி விட்டு நீரை உறிஞ்ச விடாதீர்கள்.

துடிக்கிற கட்டி என்றால் ரத்தக்குழாய் வீக்கம், அதற்கும் டாப்ளர்தான். நரம்புச் சுருட்டல் என்று நாம் சொல்லும் வெரிகோஸ் முழுக்க ரத்தக்குழாய்ச் சங்கதி, இந்தக் கட்டிகளோடு சேர்க்க வேண்டாம். எக்ஸ்ரே நரம்பைக் காட்டாது. எலும்பு அரிப்பு, சுண்ணாம்புப் படிவு இருக்கிறதா என்று பார்க்க மட்டும் ஒன்று எடுத்துவைப்பது நல்லது.

எம்ஆர்ஐக்கு டாக்டர் சீட்டில் என்ன எழுதியிருக்க வேண்டும்?

"எம்ஆர்ஐ கால்" என்று மட்டும் இருந்தால் காசு வீண். இரண்டு காலையும் ஒரே படச் சட்டத்துக்குள் அடக்கி 40 செ.மீ. அகலத்துக்கு எடுத்துத் தந்துவிடுவார்கள். 1 செ.மீ. கட்டி அதில் கடுகு. சீட்டில் இருக்க வேண்டியவை: எந்தப் பக்கம், காலின் எந்தப் பகுதி, எந்த நரம்பின் மேல் சந்தேகம், என்ன அறிகுறி, எத்தனை நாளாக, முன்பு அறுவை அல்லது ஊசி ஏதாவது நடந்ததா.

ஸ்கேன் மையத்தில், கட்டி தொட்டுணரும் இடத்தின் மேல் ஒரு மீன் எண்ணெய் மாத்திரையை அல்லது வைட்டமின் ஈ மாத்திரையைப் பிளாஸ்டர் போட்டு ஒட்டுவார்கள். எண்ணெய் எம்ஆர்ஐயில் வெள்ளையாகத் தெரிவதால் இடம் தப்பாது. ஒட்ட மறந்தால் நீங்களே கேளுங்கள். மாத்திரையைக் கட்டியின் மேல் அழுத்தி ஒட்டக் கூடாது, கட்டி சப்பையாகிவிடும்.

காலைச் சுற்றிப் பொருத்தும் 'காயில்' (coil, சிக்னலை வாங்கும் கூண்டு) முக்கியம். முட்டிப் பகுதிக்கு முட்டிக் காயில், கணுக்காலுக்குக் கணுக்கால் காயில். கட்டியைச் சுற்றி 14 முதல் 18 செ.மீ. படச் சட்டம், ஒவ்வொரு வெட்டும் 3 முதல் 4 மி.மீ. தடிமன் என்றால் நரம்பு இழைகள்வரை பார்க்கலாம். தேவையான படங்கள்: குறுக்குவெட்டில் டி1 (கொழுப்பு வெள்ளையாகத் தெரியும் படம்), குறுக்குவெட்டில் கொழுப்பை அடக்கிய டி2 (நீர் வெள்ளையாகத் தெரியும் படம்), நரம்பு ஓடும் திசையில் நீளவாக்குப் படம் ஒன்று, கான்ட்ராஸ்டுக்குப் பின் (படத்தில் ஒளிரவைக்கும் மருந்து ஊசி போட்ட பின்) கொழுப்பை அடக்கிய டி1. கூடவே டிஃப்யூஷன், அதாவது திசுவுக்குள் நீர் எப்படி நகர்கிறது என்று காட்டும் படம். நீளவாக்குப் படம் இல்லாமல் போனால் கட்டிக்குள் நுழையும் வாலைக் காட்ட முடியாது. விடுபடுவது பெரும்பாலும் அதுதான்.

1.5 டெஸ்லா போதுமா, 3 டெஸ்லாதான் வேண்டுமா?

டெஸ்லா என்பது எம்ஆர்ஐ காந்தத்தின் பலம். சாதாரண ஷ்வானோமாவுக்கு 1.5 போதும். சரியான காயிலோடு எடுத்த 1.5, காயில் இல்லாமல் எடுத்த 3-ஐவிட மேல். கட்டி தெரியாமல் நரம்பு மட்டும் தடித்திருக்கிறது, பாதம் பலவீனமாகிக்கொண்டே போகிறது என்ற நிலையில் 3 டெஸ்லாவைத் தேடிப் போகலாம். முட்டி மாற்று அறுவை நடந்த காலாக இருந்தால் உலோகம் 3-இல் படத்தை இன்னும் அதிகமாகக் கெடுக்கும்; அங்கே 1.5 எடுத்து, உலோக நிழலைக் குறைக்கும் முறையைப் போடச் சொல்ல வேண்டும்.

கான்ட்ராஸ்ட் ஊசி அவசியமா? கிட்னிக்கு ஆகாது என்கிறார்களே?

முதல் தடவை எடுக்கும்போது போட்டுக்கொள்வது நல்லது. டி2 படத்தில் ஷ்வானோமாவும் நீர்க்கட்டியும் இரண்டுமே பளிச்சென்று வெள்ளை. ஊசி போட்ட பிறகு நீர்க்கட்டியின் ஓரம் மட்டும் ஒளிரும், உள்ளே கறுப்பாகவே இருக்கும். திடக்கட்டி உள்ளேயும் ஒளிரும். சந்தேகம் அங்கே தீர்ந்துவிடும்.

இந்த ஊசியில் உள்ள கேடோலினியம் மருந்தின் வழக்கமான அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிமோல். 60 கிலோ எடைக்கு, மருந்தின் அடர்த்தியைப் பொறுத்து 6 அல்லது 12 மில்லி. ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்து, அதிலிருந்து கணக்கிடும் இஜிஎஃப்ஆர் (கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்ற எண்) 30-க்குக் கீழே இருந்தால் மட்டும் டாக்டர் யோசிப்பார். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோனால் அலைச்சல் மிச்சம். மெட்ஃபார்மினை இந்த ஊசிக்காக நிறுத்த வேண்டியதில்லை. அது சிடி ஸ்கேனில் போடும் அயோடின் மருந்துக்கான பேச்சு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கர்ப்பமாக இருந்தால் ஊசியைத் தவிர்ப்பார்கள், முன்கூட்டியே சொல்லுங்கள். தாய்ப்பால் கொடுப்பவர்கள் நிறுத்த வேண்டியதில்லை.

ஸ்கேனுக்குப் போகும்போது எதையெல்லாம் கழற்ற வேண்டும்?

காலை எடுக்கும் ஸ்கேன் என்பதால் மெட்டியும் கொலுசும்தான் முதல் பிரச்சினை. வெள்ளியைக் காந்தம் இழுக்காது. ஆனால் படத்தில் ஓட்டை விழும், சூடாகவும் செய்யும். பல வருடமாகக் கழற்றாத மெட்டி வீங்கிய விரலில் சிக்கிக்கொள்ளும். முந்தின நாள் இரவே சோப்பு போட்டுக் கழற்றிப் பாருங்கள், ஸ்கேன் அறை வாசலில் மல்லுக்கட்ட வேண்டாம். அரைஞாண் கொடி, தாயத்து, இவையும் வேட்டி பேன்ட்டுக்குள் மறைந்து போகும்.

தாலியில் தங்கம் ஆபத்தில்லை, அதில் மாட்டியிருக்கும் ஊக்குதான் ஆபத்து. இரும்பு ஊக்கு காந்தத்தை நோக்கிப் பறக்கும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள், உலோகம் எதுவும் கோக்காத மஞ்சள் கயிறு ஒன்றை வீட்டிலேயே மாற்றிக்கொண்டு வந்துவிடுவது வழக்கம். கவரிங் நகைக்குள் என்ன உலோகம் என்று யாருக்கும் தெரியாது, கழற்றிவிடுங்கள். புடவை ஊக்கு, ஹேர்பின், உள்ளாடைக் கொக்கி எல்லாம் இதே கணக்கு. மையத்தில் தரும் கவுனை உடுத்துவது சுலபம்.

பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி, மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப் இருந்தால் அதன் அட்டையைக் காட்டாமல் அறைக்குள் கால் வைக்கக் கூடாது. பூட்டிய இடம் என்றால் பயம் உள்ளவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: முட்டிக்குக் கீழே எடுக்கும்போது கால்பக்கமாகத்தான் உள்ளே அனுப்புவார்கள், தலை பெரும்பாலும் வெளியேயோ வாசலிலேயோ இருக்கும். முப்பது நாற்பது நிமிடம் காலை அசைக்காமல் வைக்க வேண்டும். முன்பே சிறுநீர் கழித்துவிட்டுப் படுங்கள்.

ரிப்போர்ட்டில் உள்ள சொற்களுக்கு என்ன பொருள்?

டார்கெட் சைன்: டி2 குறுக்குவெட்டில் கட்டியின் நடு கறுப்பாகவும் சுற்றி வெள்ளையாகவும் தெரிவது. நடுவில் நார் அடர்த்தி, ஓரத்தில் நீர்ச்சத்துள்ள தளர்ந்த திசு என்பதால் அப்படி. நரம்புக் கட்டி என்பதற்கும், சாதுவானது என்பதற்கும் ஆதரவான அடையாளம். நியூரோஃபைப்ரோமாவில் அதிகம், ஷ்வானோமாவிலும் வரும். இல்லாவிட்டால் பயப்பட வேண்டும் என்று அர்த்தமில்லை.

ஸ்பிளிட் ஃபேட் சைன்: டி1 படத்தில் கட்டியின் இரு முனையிலும் வெள்ளைக் கொழுப்பு விலகி வழிவிட்டிருப்பது. தசைக்கு நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் கொழுப்பு உறைக்குள் ஓடும். கட்டி அந்த உறைக்குள் பிறந்தது என்பதற்குச் சாட்சி இது.

ஃபேசிக்குலர் சைன்: கட்டிக்குள் சின்னச் சின்ன வளையங்கள், நரம்பு இழைக் கட்டுகளின் குறுக்குவெட்டு.

எக்சென்ட்ரிக், சென்ட்ரல்: நரம்பு கட்டியின் ஓரமாகப் போகிறதா, நடுவாகப் போகிறதா என்பது. ஓரமாகப் போனால் ஷ்வானோமா பக்கம் தராசு சாயும். ஆனால் சின்ன நரம்பில் இதைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஸ்கேனை மட்டும் வைத்து ஷ்வானோமாவா நியூரோஃபைப்ரோமாவா என்று அடித்துச் சொல்ல முடியாத கேஸ்கள் நிறைய. "சாதுவான நரம்பு உறைக் கட்டியாகத் தெரிகிறது" என்று நிறுத்துகிற ரிப்போர்ட் குறைபாடுள்ள ரிப்போர்ட் அல்ல, நேர்மையான ரிப்போர்ட்.

ஏன்ஷியன்ட் ஷ்வானோமா: பல வருடம் இருந்து உள்ளே சிதைந்த கட்டி. நீர்க்குமிழி, பழைய ரத்தக்கசிவு, சுண்ணாம்பு எல்லாம் இருக்கும். பார்க்க முரட்டுத்தனமாகத் தெரிந்து எல்லோரையும் பயமுறுத்தும், சுபாவத்தில் சாது.

தசையில் டிநெர்வேஷன்: நரம்பின் கட்டளை போகாத தசை முதலில் டி2-இல் வெளுக்கும், பல மாதம் கழித்துச் சுருங்கிக் கொழுப்பாகி டி1-இல் வெள்ளைக் கோடுகளாகும். இரண்டாவது நிலைக்குப் போன தசை திரும்புவது கடினம் என்பதால், ரிப்போர்ட்டில் இந்த வரி இருந்தால் நாளைக் கடத்தக் கூடாது.

எந்த அடையாளம் கண்டால் கவலைப்பட வேண்டும்?

கட்டி 5 செ.மீ.க்கு மேல், விளிம்பு தெளிவில்லை, கட்டிக்கு வெளியே சுற்றியுள்ள திசுவில் நீர்கோத்த வீக்கம், கான்ட்ராஸ்ட் ஓரத்தில் மட்டும் ஒழுங்கில்லாமல் ஒளிர்வது, பக்கத்து எலும்பை அரிப்பது, டிஃப்யூஷனில் ஏடிசி மதிப்பு (நீர் நகரும் அளவு) 1.0-க்கும் கீழே, அதாவது நொடிக்கு 0.001 சதுர மி.மீ.க்கும் கீழே இறங்குவது. இவற்றில் ஒன்று மட்டும் இருப்பது தீர்ப்பு அல்ல; 6 செ.மீ. ஷ்வானோமாக்கள் உண்டு. இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் கதை வேறு.

படத்தைவிட உங்கள் வாயிலிருந்து வரும் தகவல் சில சமயம் கனமானது. சில வாரங்களில் கண்ணுக்குத் தெரிகிற வளர்ச்சி, தொடாமலே ஓயாத வலி, புதிதாகத் தசை பலவீனம். இதில் எது வந்தாலும் ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று யாரும் சொல்லக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை: முட்டி, கணுக்கால் அருகே இளம் வயதில் மெதுவாக வளரும் சைனோவியல் சார்கோமா என்ற புற்று, சாதுக் கட்டி வேஷம் போடும். நரம்போடு தொடர்பு தெளிவாகத் தெரியாத, மூட்டுப் பக்கத்துத் திடக்கட்டியை ஷ்வானோமா என்று சொல்லிவிடக் கூடாது.

பெட் ஸ்கேன் எடுத்தால் உறுதியாகத் தெரியுமா?

தெரியாது. சாதுவான ஷ்வானோமாவே பெட் ஸ்கேனில் பிரகாசமாக ஒளிர்ந்து புற்று போலக் காட்டும். நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் (நரம்புகளில் பல கட்டிகள் வரும் மரபு நோய்) உள்ளவர்களுக்குப் பல கட்டிகளில் எது குணம் மாறுகிறது என்று தேட, எந்த இடத்தில் பயாப்சிக்குத் திசு எடுப்பது என்று முடிவு செய்ய அது உதவும். ஒற்றைச் சின்னக் கட்டிக்குத் தேவையில்லாத செலவு.

மெல்லிய ஊசி விட்டுச் செல்களை உறிஞ்சும் எஃப்என்ஏசி எடுக்கச் சொல்கிறார்களே?

எம்ஆர்ஐக்கு முன்னால் வேண்டாம். மெல்லிய ஊசியில் வரும் செல்கள் நரம்புக் கட்டியில் பெரும்பாலும் போதாது. "மாதிரி போதவில்லை" என்று வரும். வலி மட்டும் உயிர் போகும். உள்ளே ரத்தம் கசிந்துவிட்டால் பின்னால் எடுக்கும் எம்ஆர்ஐயும் குழம்பும்.

எம்ஆர்ஐயில் எல்லா அடையாளமும் சாதுவாகப் பொருந்தினால், பயாப்சி இல்லாமலே அறுவைக்கோ கண்காணிப்புக்கோ போவது வழக்கம். சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி, நரம்பு இழைகளை ஒதுக்கி, தடித்த ஊசியால் கோர் பயாப்சி. அதை அறுவை செய்யப்போகும் குழு சொல்லும் பாதையில்தான் எடுக்க வேண்டும். புற்று என்று வந்தால் ஊசி போன பாதையையும் சேர்த்தே வெட்டி எடுப்பார்கள். தப்பான பக்கமாகக் குத்தியிருந்தால் வெட்டும் அளவு கூடிவிடும்.

நரம்பு மின்னோட்டப் பரிசோதனை எதற்கு?

கட்டியைக் கண்டுபிடிக்க அல்ல. நரம்பு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்க. ஷ்வானோமாவில் பல சமயம் முழுக்க இயல்பாகவே வரும். இயல்பாக வந்ததால் கட்டி இல்லை என்று ஆகாது.

வலியே இல்லை. ஆனால் பாதம் தொங்கிவிட்டது. இதுவும் கட்டியால் வருமா?

முதலில் சாதாரணக் காரணத்தைப் பாருங்கள். வேகமாக எடை குறைத்தவர்கள், காலை மடித்துப்போட்டு மணிக்கணக்கில் உட்காருபவர்கள், முட்டிக்குக் கீழே இறுக்கமாகக் கட்டு போட்டவர்கள், இவர்களுக்கு முட்டியின் வெளிப்பக்கம் எலும்புக் கழுத்தில் பெரோனியல் நரம்பு நசுங்கிப் பாதம் தொங்கும்.

அப்படி எதுவும் இல்லை என்றால் அந்த இடத்தில் எம்ஆர்ஐ. நரம்புக்குள் நீர்க்கட்டி அதிகம் வருவது அங்கேதான். முட்டிக்குக் கீழே இரண்டு எலும்புகளும் சேரும் சின்ன மூட்டிலிருந்து ஒரு பொடி நரம்புக் கிளை பெரோனியலுக்கு வருகிறது. மூட்டு நீர் அந்தக் கிளைக்குள் புகுந்து, மெயின் நரம்பின் உறைக்குள் ஏறி நிரம்பிவிடும். ரிப்போர்ட் எழுதுபவர் அந்த மூட்டுக்குப் போகும் வாலைத் தேடிச் சொல்ல வேண்டும். கட்டியை மட்டும் உறிஞ்சிவிட்டு அந்தக் கிளையைக் கட்டாமல் விட்டால் நீர் திரும்ப ஏறிவிடும்.

இளம் வயதில், வலியில்லாமல், வருடக்கணக்கில் மெல்ல மெல்ல ஒரு கால் மட்டும் சூம்பிக்கொண்டு போனால் பெரிநியூரியோமாவை நினைக்க வேண்டும். உருண்டையாக இருக்காது, நரம்பே நீளமாகத் தடித்து, உள் இழைகள் ஒவ்வொன்றும் பருத்து, கான்ட்ராஸ்டில் தேன்கூடு போல ஒளிரும். மிக அபூர்வம். நரம்பு இழைகள் தடித்து நடுநடுவே கொழுப்பு நிரம்பியிருந்தால் அது கொழுப்பு படர்ந்த நரம்பு. எம்ஆர்ஐ படமே அடையாளம் காட்டிவிடும், பயாப்சி வேண்டாம்.

நரம்பு தடித்திருக்கிறது என்றால் தொழுநோயும் இருக்குமா?

நம் ஊரில் இதைக் கேட்காமல் விடக் கூடாது. பெரோனியல், டிபியல் இரண்டும் தொழுநோய் தாக்கும் நரம்புகள். நரம்பு நீளத்துக்குத் தடித்து, சில சமயம் அதற்குள் சீழ்க்கட்டி வந்து, ஸ்கேனில் கட்டி போலவே தெரியும். உடம்பில் எங்காவது வெளிர்ந்த தேமல், அதில் ஊசி குத்தினாலோ சூடு பட்டாலோ தெரியாத உணர்ச்சிக் குறைவு, கை முழங்கை நரம்பும் தடித்திருப்பது, இவை துப்பு. தோல் மருத்துவரிடம் காட்ட வெட்கப்பட வேண்டியதில்லை. கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். சென்னையிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் செங்கல்பட்டில் இதற்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

உடம்பில் காப்பி நிறத் திட்டுகள் இருக்கின்றன. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

ஆறு அல்லது அதற்கு மேல் திட்டுகள், பெரியவர்களுக்கு ஒவ்வொன்றும் 1.5 செ.மீ.க்கு மேல், அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ பொடிப் புள்ளிகள் இருந்தால், நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் ஒன்றாம் வகையைப் பார்க்க வேண்டும். 17ஆவது குரோமோசோமில் உள்ள மரபணுக் கோளாறு அது. பாதிப் பேருக்குக் குடும்பத்தில் யாருக்குமே இருக்காது, புதிதாகவே வரும். இவர்களுக்கு நரம்புக் கட்டி புற்றாக மாறும் வாய்ப்பு வாழ்நாளில் சுமார் 8 முதல் 13 சதவீதம். அதனால் வளர்கிற, வலிக்கிற எந்தக் கட்டியையும் உடனே ஸ்கேன் செய்ய வேண்டும். திட்டுகள் இல்லாமல் ஷ்வானோமாக்கள் மட்டும் பல இடங்களில் வந்தால் அது வேறு மரபு நோய். அதற்கும் மரபணு ஆலோசனை உண்டு.

முன் பாதத்தில் மூன்றாவது நான்காவது விரல்களுக்கு நடுவே கூழாங்கல் மிதித்த மாதிரி இருக்கிறது. அது?

மார்ட்டன் நியூரோமாவாக இருக்கும். பெயரில்தான் கட்டி; உண்மையில் அழுத்தத்தால் நரம்பைச் சுற்றி வந்த தழும்பு. முன்பக்கம் குறுகலான ஷூவை மாற்றுவதுதான் முதல் வைத்தியம். அல்ட்ராசவுண்டே போதும்.

கட்டியை எடுக்காமல் விடலாமா?

வலி இல்லை, பலவீனம் இல்லை, படம் சாதுவாக இருக்கிறது என்றால் விடலாம். ஆறு மாதத்தில் ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை பாருங்கள். முடிந்தவரை அதே மையம், அதே முறை. மூன்று திசை அளவையும் எழுதச் சொல்லுங்கள். 18 மி.மீ. இருந்தது 19 ஆனால் அது அளப்பவரின் கைவித்தியாசம், வளர்ச்சி அல்ல. 18 இருந்தது 26 ஆனால் பேச வேண்டிய விஷயம்.

சென்னையில் எங்கே, யாரிடம் போவது?

நரம்பு நுண்ணறுவை செய்யும் பிளாஸ்டிக் சர்ஜன், எலும்புக் கட்டிகளைப் பார்க்கும் ஆர்த்தோ, அல்லது புற நரம்பு அறுவையில் பழக்கமுள்ள நியூரோ சர்ஜன். துறையின் பெயர் முக்கியமில்லை, "இந்த மாதிரி நரம்புக் கட்டி எடுத்திருக்கிறீர்களா, நுண்ணோக்கியும் நரம்புத் தூண்டியும் வைத்துச் செய்வீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். அரசுப் பக்கம் சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி மருத்துவமனையிலும், ஸ்டான்லியிலும் இந்தத் துறைகள் உண்டு. புற்று என்ற சந்தேகம் வலுத்தால் அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடத்தில் பயாப்சிக்கு முன்பே பதிவு செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்தெந்தச் செலவு அதில் சேரும் என்று மருத்துவமனைக்குள் உள்ள அத்திட்ட மேசையில் ஸ்கேனுக்கு முன் கேளுங்கள். பில் கட்டிய பிறகு கேட்டால் பலன் இருக்காது.

ஃபிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். முழுப் படங்களும் உள்ள சிடியோ பென் டிரைவோ கேளுங்கள். ஃபிலிமில் நூற்றுக்கணக்கான படங்களில் சிலதைத்தான் அச்சிடுவார்கள், அறுவை செய்பவருக்குத் தேவையான அந்த ஒரு வெட்டு அதில் இருக்காது. வாட்ஸ்அப்பில் ஃபிலிமைப் போட்டோ எடுத்து அனுப்புவதால் யாருக்கும் பயனில்லை.

அறுவைக்குப் பிறகு திரும்ப ஸ்கேன் எப்போது?

எடுத்த கட்டியின் பேத்தாலஜி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட் வந்த பிறகுதான் அதை முடிவு செய்ய முடியும். ஷ்வானோமா என்றால் எஸ்100, சாக்ஸ்10 சாயங்கள் கட்டி முழுக்க அழுத்தமாகப் பிடித்திருக்கும். அப்படி உறுதியாகி, முழுதாக எடுத்தாயிற்று என்றால் திரும்ப வருவது அபூர்வம். புதிய அறிகுறி இல்லாமல் ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை. முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்தால் அறுவையின் வீக்கமும் தழும்பும் ஒளிர்ந்து மிச்சக் கட்டி போலத் தெரியும். விரலில் மரத்துப்போன உணர்வு சில வாரம் முதல் சில மாதம்வரை இருப்பது வழக்கம். ஆனால் அறுவைக்கு முன் தூக்க முடிந்த பாதத்தை மறுநாள் தூக்க முடியவில்லை என்றால் வார்டிலேயே சொல்லிவிடுங்கள், அடுத்த ரிவ்யூ தேதிக்காகக் காத்திருக்காதீர்கள்.